அக்கா வரைந்த நான்கு வட்டங்கள்

அக்கா பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் படித்தபோது, பள்ளி விட்டு வந்ததும் பெரியப்பாவின் பின்னால் நடக்கப் போய்விடுவாள். ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை வெகுகாலம் ஓட்டியவர் பெரியப்பா. கல்யாணம் செய்துகொள்ளாமல், புக்கிட் பெருவாங்கில் எங்களோடுதான் இருந்தார். அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கியிருந்தது. கையைப் பிடித்து அழைத்தால் கோபம் வரும். அதனால் அக்கா சற்றுத் தள்ளியே நடப்பாள். எனக்கு அது ஏதோ விளையாட்டாகத் தெரிந்தது.

கணிதப் பாடத்துக்கு, இப்போதைய நிலையிலிருந்து அடுத்த நிலையைக் கணிக்கும் ஒரு செய்முறைப் பணி செய்ய வேண்டியிருந்தது. மற்றவர்கள் மழை நாள், வெயில் நாள் என்று எடுத்துக்கொள்ள, அக்கா பெரியப்பாவை எடுத்துக்கொண்டாள். தாளில் நான்கு வட்டங்கள்: வீடு, ரொட்டி சானாய் கடை, மாதா கோயில், பஸ் நிறுத்தம். வட்டத்துக்கு வட்டம் அம்புகள். ஒவ்வோர் அம்பின் மேலும், அங்கிருந்து அடுத்து அவர் எங்கே போவார் என்பதற்கான வாய்ப்பு தசம எண்ணாக இருந்தது. அதே எண்களைக் கட்டம் கட்டி அடுக்கினால் அணி. அந்த அணியை அதனாலேயே பெருக்கினால், இரண்டு இடம் மாறிய பின் எங்கே இருப்பார் என்று கணிக்கலாமாம். எப்படி வந்தார் என்பது வேண்டாம், இப்போது நிற்கும் இடம் போதும் என்றாள். வந்த வழி அவருக்கே ஞாபகம் இருப்பதில்லையே என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா சமையலில் இருந்தபோது பெரியப்பா வெளியே போய்விட்டார். வானம் கறுத்திருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தால், தே தாரிக் குடித்துவிட்டு அப்போதே கிளம்பிவிட்டார் என்றார். கடையிலிருந்து அவர் கோயிலுக்குத்தான் போவார் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா கார்ச் சாவியை எடுத்தார். அக்கா மேசையில் குனிந்து எதையோ பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்கு அம்மா நடந்தே போகட்டும்பா. கடையிலேர்ந்து கெளம்பி ரொம்ப நேரம் ஆச்சு, இந்நேரம் கோயில விட்டும் போயிருப்பாரு. நாம பஸ் ஸ்டாப்புக்குப் போவோம்."

"இது எக்ஸாம் இல்லலா. நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயம் இல்லப்பா. மத்த எடத்த விட அங்க சான்ஸ் அதிகம்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி இவ்வளவு உறுதியாக நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா காரை நிறுத்தத்துக்கு விட்டார்.

பெரியப்பா நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அக்கா வாங்க என்று சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பஸ் வந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்தே காத்திருந்தார்கள். மழை விழத் தொடங்கியதும், காரிலேயே போய்விடலாமா என்று கேட்டாள். அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா கேட்டுக்குப் பூட்டு வாங்கி வந்தார். இனி அக்காவின் கணக்கு எவ்வளவு சுலபம் என்று எனக்கு ஒரே உற்சாகம். புதுத் தாளில் ஒரே ஒரு வட்டம் போட்டு வீடு என்று எழுதினேன். அதிலிருந்து கிளம்பி அதற்கே திரும்பும் ஓர் அம்பு. அதன் மேல் ஒன்று என்று போட்டு அவளிடம் நீட்டினேன்.

அவள் அதை வாங்கி, அம்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"கணக்கு சரிதான்," என்றாள்.

பிறகு எழுந்து, ஆணியிலிருந்து புதுப் பூட்டின் சாவியை எடுத்து, கடைக்குப் போகலாமா என்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள். அவர் செருப்பைத் தேடினார். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே தப்பு விட்டேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.