இறக்கத்தில் கடிக்காத பூட்ஸ்

1. டொக் டொக்

ஓசூரில் மலை ஏறும் பூட்ஸ் விற்பது லேசான காரியம் இல்லை. இங்கே பாதிப் பேர் ஏற்கனவே பூட்ஸ் போட்டுப் பழகியவர்கள், அதாவது கம்பெனி கொடுக்கிற சேஃப்டி ஷூ. அப்படிப்பட்ட ஆள் எங்கள் கடைக்கு வந்தால் முதல் காரியமாகப் பூட்ஸின் மூக்கை விரலால் தட்டிப் பார்ப்பார். டொக் டொக் என்று சத்தம் வராவிட்டால் முகம் சுருங்கிவிடும். "என்னாண்ணா, உள்ள இரும்பே இல்லியே" என்பார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் சேஃப்டி ஷூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான். அந்த வேலையை விட்டுவிட்டு பாகலூர் ரோட்டில் இந்த ட்ரெக்கிங் சாமான் கடையில் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஒரு பூட்ஸை என் கையில் கொடுத்தார். நானும் தட்டிப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், மலையில உன் கால்மேல யாரும் கியர்பாக்ஸ் போட மாட்டான்யா. இறங்கும்போது விரல் முன்னால போயி இடிக்காம இருக்கணும். அத மட்டும் பாரு."

எனக்குக் கிடைத்த டிரெயினிங் இவ்வளவுதான். இன்றைக்கு நான் இந்தக் கடையில் சீனியர்.

2. சாய்வுப் பலகை

முதலாளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு சாய்வுப் பலகை செய்து கடை நடுவில் வைத்தேன். தடித்த பிளைவுட், மேலே ஜல்லிக் கல்லைப் பசை போட்டு ஒட்டியது. சறுக்குமரம் வைத்துவிட்டேன், இனி குழந்தைகளுக்கு டிக்கெட் போடலாம் என்று முதலாளி கிண்டல் செய்தார். போடட்டும். ஏறும்போது எல்லா பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான், இறங்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸைச் சாயங்காலம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாளெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். பெங்களூரிலிருந்து சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வருகிறவர்களிடம், ஊரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். ஷிஃப்ட் முடித்து நேராக வருகிற நம் ஆட்களின் கால்தான் அளவெடுக்கத் தோதான கால்.

அப்புறம், லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். லேஸைக் கட்டி நடந்தால் குதிகால் தூக்கக் கூடாது. மலைக்குப் போடுகிற தடித்த சாக்ஸோடுதான் பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், எந்தக் காலும் நம்மிடம் தோற்றுப் போகாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ரத்னா வரும் வரைக்கும்.

3. எந்த பூட்ஸும் ஆகவில்லை

ரத்னா மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறவர். ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அந்தக் கம்பெனி தன் பெண் தொழிலாளர்களில் சிலரைப் பனிமலை ட்ரெக்கிங்குக்கு அனுப்ப முடிவு செய்து, பயிற்சிக்காக ராயக்கோட்டை மலைக்குக் கூட்டிப் போயிருந்தது. ரத்னா சேஃப்டி ஷூவிலேயே ஏறியிருக்கிறார். எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போய்விட்டார். இறங்கும்போதுதான் விரல் நசுங்கி, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் தாங்கிப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏற வேண்டும், தானாக இறங்கி வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று டிரெயினர் சொல்லிவிட்டார்.

ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு, தடித்த சாக்ஸையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட அவர் கணவர் முனிராஜ். மினி டெம்போ ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர்.

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். லேடீஸ் பூட்ஸ் எல்லாம் போட்டுப் பார்த்தோம். ஏறும்போது நன்றாக இருக்கிறது என்பார், இறங்கும்போது உதட்டைக் கடிப்பார். ஒரு சைஸ் கூட்டினேன். குதிகால் தூக்கியது, விரலும் வலித்தது. முன்பக்கம் அகலமான ஜென்ட்ஸ் பூட்ஸை எடுத்தேன். அதே இடம், அதே வலி. லேஸைக் கணுக்காலுக்குக் கீழே முடிச்சுப் போட்டு இறுக்கிப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை. கடையில் இருந்ததெல்லாம் தரையில் கிடந்தது. முதலாளி ஷட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ரத்னா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"லைன்ல வர்ற பார்ட்ட தவிர வேற ஒண்ணும் பாத்ததில்லண்ணா நானு. இந்த ஒரு வாட்டி பனியப் பாத்துட்டு வந்துட்டா போதும்னு இருந்தன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அந்தப் பூட்ஸ் மேலெல்லாம்.

4. சாக்ஸுக்கு உள்ளே

கல்யாணமான பெண்ணின் காலை ஒரு ஆண் பிடித்துப் பார்ப்பது நம் பக்கம் எல்லோருக்கும் கூச்சம். அதனால் பெண்கள் வந்தால் சாக்ஸோடுதான் அளவெடுப்போம், சாக்ஸைக் கழற்றச் சொல்ல மாட்டோம். அன்றைக்கு வேறு வழியில்லாமல் முனிராஜிடம் கேட்டேன். சாக்ஸைக் கழற்றி, எந்த இடத்தில் வலிக்கிறதென்று நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அவர் மண்டியிட்டுச் சாக்ஸை உருவினார். இரண்டாவது விரலில் மெட்டி. கனமான வெள்ளி மெட்டி, பக்கத்து விரல்கள் இரண்டும் அது பதிந்து கன்றிப்போய் இருந்தன.

கண்டுபிடித்தாயிற்று! எந்த பூட்ஸ் மாற்றினாலும் மெட்டி மாறவில்லையே, வலி எப்படிப் போகும்? தடித்த சாக்ஸ் விரல்களைச் சேர்த்து அழுத்துகிறது, இறக்கத்தில் பாதம் முன்னால் போகிறது, நடுவில் வெள்ளி. கம்பெனி கேட்டில் வளையலைக் கழற்றச் சொல்வார்கள். ஷூவுக்குள் இருப்பதை யார் கேட்பது? ரத்னாவுக்கும் கல்யாணத்திலிருந்து காலோடு கிடப்பது, தோலில் ஒன்றாகிவிட்டது. அது கடிக்கும் என்று தோன்றவே இல்லை.

ஆனால் என் குதூகலம் அவர்கள் முகத்தில் இல்லை. முனிராஜ் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். மெட்டி இல்லாமல் வீட்டுக்குள் போனால் அம்மா என்ன சொல்வாள் என்கிறார். எனக்கும் தெலுங்கு தெரியும், இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? தெரியாத மாதிரி பூட்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இதில் நான் வாயைத் திறக்க முடியாது.

ரத்னா கணவரிடம் தமிழிலேயே கேட்டார்.

"ஏங்க, மெட்டி கால்லயேதான் இருக்கணுமா? எம்மேல இருந்தாப் போதாதா?"

கேட்டுக்கொண்டே யூனிஃபார்முக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே எடுத்தார். நம் பெண்கள் எல்லோரும் மாட்டி வைத்திருப்பதுபோல அதில் ஓர் ஊக்கு தொங்கியது. அதைத் திறந்து காட்டினார்.

முனிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, குடு கால" என்றார்.

வீங்கின விரலிலிருந்து மெட்டி வருவேனா என்றது. நான் பக்கத்து பஜ்ஜிக் கடைக்கு ஓடி ஒரு கரண்டி எண்ணெய் வாங்கி வந்தேன். கல்யாணத்தில் போட்டுவிட்டவரே தடவித் தடவிக் கழற்றினார். ரத்னா இரண்டு மெட்டியையும் ஊக்கில் கோத்து, ஊக்கைத் தாலியில் மாட்டி உள்ளே போட்டுக்கொண்டார்.

முதலில் பார்த்த லேடீஸ் பூட்ஸையே மறுபடி எடுத்தேன். லேஸைக் கட்டிப் பலகையில் ஏறினார். இறங்கினார். நின்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்ப ஏறி, இந்தத் தடவை ஓடி இறங்கினார். பலகை அதிர்ந்தது. முதலாளி கை தட்டிவிட்டார், அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

5. ஞாயிற்றுக்கிழமை

புது பூட்ஸை வீட்டிலும் மாடிப்படியிலும் போட்டுப் பழக்கச் சொல்லியிருந்தேன். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது.

"அண்ணா, கீழ வந்துட்டன். யாரும் கை புடிக்கல" என்றார் ரத்னா.

பனிமலைக்கும் போய்வந்தார். வந்த கையோடு முனிராஜைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மெட்டி பழையபடி காலில் ஏறியிருந்தது. மாமியார் முதலில் முணுமுணுத்தாராம், ஊக்கைக் காட்டியதும் விட்டுவிட்டாராம். நான் கேட்காமலே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். இறக்கத்தில் விரல் இடித்தால் நகம் கறுத்துவிடும், இவருக்கு ஒரு நகம்கூடக் கறுக்கவில்லை. பூட்ஸ் விற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இப்போதெல்லாம் பெண்கள் வந்தால் சாக்ஸ் போடும் முன்பே, மெட்டி இருக்கிறதா அம்மா என்று கேட்டுவிடுகிறேன். காலைப் பார்த்த பிறகுதான் பூட்ஸைப் பார்க்க வேண்டும் என்பது நான் கற்ற பாடம். எங்கள் கவுன்டரில், லேஸ் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். மலைச் சாமான் கடையில் இது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு முதலாளியே இந்தக் கதையைச் சொல்கிறார். டப்பா நிறைய ஊக்கு.