இரண்டு முறை வந்த எட்டாம் கடிதம்

பைண்டிங் கடை கௌசல்யாவைப் பொய்க்காரி என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே பசை தடவுவாள். செத்துப்போன அவள் அப்பா பால்பாண்டியைச் சொன்னால் தீர்ந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொத்து வேலைக்கு வந்தவர் அவர். சாயங்காலம் கரமனை வாசகசாலையில் படிப்பார். படித்ததை டைரியில் எழுதுவார்.

தொழிலாளி வாசகர்களைப் பற்றிப் புத்தகம் எழுதும் திவ்யலட்சுமி டீச்சர், அந்த டைரியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

“நாகேஸ்வரன் ஜெயில்லேர்ந்து ஆத்துக்காரிக்கு எழுதின கடிதங்களைப் படிச்சேன்னு உங்கப்பா எழுதியிருக்கார். எட்டாம் கடிதம் ரெண்டு தடவை வரதாம். இதோ, மூணு பதிப்பும் பார்த்துட்டேன், எதுலயும் அப்படி இல்லை. படிக்காமலே எழுதிட்டாரோ என்னமோ. இதைச் சேர்த்துக்க முடியாது கௌசல்யா.”

“எங்கப்பா பொய் எழுத மாட்டாரு டீச்சர். மூணு புக்கையும் இங்க குடுங்க.”

கௌசல்யா கடிதத்தைப் படிக்கவே இல்லை. தையலைத்தான் பார்த்தாள். பதினாறு பக்கத்துக்கு ஒரு கட்டாக மடித்து, அடுக்கித் தைத்திருந்தார்கள். இரண்டு பதிப்புகளில் எட்டாம் கடிதம் ஒரு கட்டில் தொடங்கி அடுத்ததில் முடிந்தது. முதல் பதிப்பில் மட்டும் ஒரே கட்டுக்குள் அடங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்பா கைக்கு வந்த புக்குல ஒரே கட்டை ரெண்டு தடவ வச்சுத் தச்சிருக்கான் டீச்சர்! அடுத்த கட்டை விட்டுட்டான். நானே தீசிஸ்ல அப்படித் தச்சு ஏச்சு வாங்கியிருக்கேன். அப்பா படிச்சது முதல் பதிப்புதான். வாங்க, கரமனைக்கு!”

ஆட்டோவில் இருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வாசகசாலையில் முதல் பதிப்பு இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் தொண்ணூற்றேழு! டீச்சர் போட்ட கூச்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

டீச்சர் டைரியின் அடுத்த வரியை உரக்கப் படித்தார்: ‘முதல் கடிதம் போய்ச் சேரவில்லை போலும், அதையே மறுபடி எழுதியிருக்கிறார். கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன சுடலைமாடத்திக்கு நானும் மறுபடி எழுதினேன்.’

கௌசல்யா உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“முதல் லெட்டரும் வந்துச்சுட்டி,” என்றாள் சுடலைமாடத்தி. “கோவத்துல அடுப்புல போட்டேன். ஒரு எழுத்து மாறாம அதே லெட்டர் மறுபடி வந்துச்சு. இந்த மனுசன் விடமாட்டாருன்னு பஸ் ஏறிட்டேன். மறு வருசம் நீ பொறந்த.”

கௌசல்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நூலகர் ஜிஷா புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். “சேச்சி பைண்டர் அல்லே? இதைப் பிரிச்சு சரியாக்கித் தருமோ?”

“என்ன வேலை வேணும்னாலும் குடு, செஞ்சு தாறேன்,” என்றாள் கௌசல்யா. “இதுல மட்டும் யாரும் கை வைக்கப்பிடாது.”