நான் திருத்தாமல் விட்ட நிலா

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கொழிஞ்சாம்பாறையில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் இதுவரை நாற்பத்து மூன்று அறிவியல் நாவல்கள் எழுதியிருக்கிறார். அதே ஊரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் எழுதியது ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதற்கே பதினோரு வருஷம் ஆனது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

ஊரில் எல்லோரும் அவரை ராவுத்தர் என்பார்கள். நானும் அப்படித்தான். அவருக்கு நான் ‘மாஷ்’, மலையாளத்தில் வாத்தியார். கடைக்கு வாஷர் கேட்டு ஆள் வந்தால் எடுத்துக் கொடுப்பார். ஆள் போனதும், விட்ட வரியிலிருந்து எழுதுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. எனக்கோ ஒரு வாக்கியம் அமைய வேண்டுமென்றால் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது.

அவர் கதையில் செவ்வாய்க் கிரகத்தில் போர்வெல் போடுவார்கள். பாறை தட்டும். மோட்டாரின் காயில் கம்பி கருகிப் போகும். அதைச் சரிசெய்ய எங்கள் பக்கத்துச் சித்தூர்க்காரர் ஒருவர் ராக்கெட் ஏறிப் போவார். முதலில் படித்தபோது சிரித்தேன். பத்துப் பக்கம் தாண்டிய பிறகுதான், தட்டில் போட்ட தோசை காய்ந்து கிடப்பதைப் பார்த்தேன்.

ஒரு முறை கோயமுத்தூர் போகும்போது வாளையார் செக்போஸ்ட் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் சிமெண்ட் லாரி. டிரைவர் ஸ்டியரிங் மேல் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்ததுமே ராவுத்தர் நாவல் என்று தெரிந்துவிட்டது. முன்னால் வண்டிகள் நகர்ந்தன, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் கியர் போட்டார். என் புத்தகத்தை அப்படி யாராவது படித்திருப்பார்களா என்று நினைத்துப் பார்த்தேன். என் மனைவியே பாதியில் வைத்துவிட்டவள்.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் கேட்டாள்: “ஏனுங்க, நீங்க எழுதறதுக்கு அவரு எழுதாம இருக்கோணுமா?”

செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். ஆமாம் என்பதுதான் பதில்.

அச்சுக்குப் போகும் முன் அவருடைய நாவல்களில் சந்திப்பிழை பார்த்துக் கொடுப்பது நான்தான். அவராகவே வந்து கேட்டார், மறுக்க வாய் வரவில்லை. முப்பத்தெட்டாவது நாவலில் ஒரு கிரகத்துக்கு இரண்டு நிலாக்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டும் ஒன்றாக உதிக்கும். ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து ஒரே நிலாதான். இன்னொன்றை அவர் மறந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒற்று மிகும் இடம், மிகா இடமெல்லாம் ஒழுங்காகத் திருத்தினேன். நிலாவைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

புத்தகம் வந்தது. அவர் அவமானப்படுவதைப் பார்க்கக் காத்திருந்தேன். வாசகர் கடிதங்களும் வந்தன. ‘அந்த இன்னொரு நிலா எங்கே போனது?’ என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள், ஆனால் ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. ஏதோ மர்மம் வைத்திருக்கிறார் என்றே நம்பினார்கள். ராவுத்தர் ஒன்றரை மாதத்தில் அடுத்த நாவலை முடித்தார். அந்த நிலாவை யார் திருடினார்கள் என்பதுதான் கதை. அவர் எழுதியதிலேயே அதுதான் அதிகம் விற்றது. மலையாளத்திலும் வந்தது. அந்த நாவலின் முன்னுரையில், ‘என் எழுத்தை என்னைவிடக் கவனமாகப் படிக்கும் மாஷுக்கு’ என்று நன்றி சொல்லியிருந்தார்.

அந்த வரி என்னைச் சும்மா விடவில்லை. அதைப் படித்த மறுநாள் காலை கடை திறந்ததுமே போனேன். ஒரு ஃபுட்வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த நிலா சமாச்சாரம் எனக்கு அப்பவே தெரியுமுங்க” என்றேன்.

“அப்பவேன்னா? புத்தகம் வர்றதுக்கு முந்தியேவா?”

“ஆமாங்க.”

“சொல்ல மறந்துட்டீங்களா மாஷே?”

“இல்லைங்க. வேணும்னேதான் உட்டேன்.”

துடைப்பதை நிறுத்தினார். “ஏன்?”

“பொறாமைங்க. வேறென்ன?”

அவர் ஃபுட்வால்வை அதன் இடத்தில் வைத்தார், துணியை மடித்தார். பிறகு எதிர்க்கடைக்கு இரண்டு டீ சொன்னார். குடித்தோம். மழை வராததைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் கையெழுத்துப் பிரதி என்னிடம் வரவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார், சௌக்கியம் விசாரிப்பார். நாவலைப் பற்றி மட்டும் பேச்செடுக்க மாட்டார். இப்போது வில்லேஜ் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் பிழை பார்த்துக் கொடுக்கிறாள். சென்ற மாதம் வந்த நாவலைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தேடினேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. முன்னுரையில் அவளுக்கு நான்கு வரி நன்றி. எனக்கு எழுதியது ஒரு வரிதான்.