செஞ்சிக் கோட்டையில் அண்ணியுடன்

போன ஆனியில் சிதம்பரத்திலிருந்து வேன் பிடித்து, குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போனோம். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், கடலூரில் ஏறிக்கொண்டார். ஒரு வருடமாக அவர் என்னிடம் பேசுவதில்லை. என் மகளின் வளைகாப்பில் முதல் வளையல் போட அவரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டேன். வேனில் எனக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டே, "அவுங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுடா" என்று தன் தம்பியான என்னவரிடம் சொன்னார்.

கோட்டைக்குள் நுழைந்ததும் பரந்த புல்வெளி, பெரிய மரங்கள், நடுவில் அடுக்கடுக்காக எழும்பும் கல்யாண மகால். மற்றவர்கள் மலை ஏறப் புறப்பட்டார்கள். அண்ணிக்கு முழங்கால் வலி.

"நீ அக்காகூட இரு" என்று சொல்லிவிட்டு என்னவரும் போய்விட்டார்.

மரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். நடுவில் பண்ருட்டியில் வாங்கிய பலாச்சுளைப் பை. எங்கிருந்தோ வந்த குரங்கு ஒன்று பையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியது.

"ஐயையோ, புடிடி!" என்று கத்தினார் அண்ணி. நான் ஓடினேன். முழங்கால் வலியை மறந்து அவரும் பின்னால் ஓடி வந்தார். ஒரு செருப்பைக் கழற்றி வீசினார். அது குரங்கின் மேல் படாமல் என் முதுகில் வந்து விழுந்தது. குரங்கு மகாலின் மேல்மாடத்தில் ஏறி உட்கார்ந்து, சுளையைத் தின்று கொட்டையை எங்களை நோக்கித் துப்பியது.

அண்ணி என்னைப் பார்த்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் புல்லிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வளைகாப்பு அன்னிக்கு அவசரத்துல மறந்துட்டேன் அண்ணி. என் தப்புதான்."

"இதை அப்பவே சொல்லியிருந்தா என்னவாம்? ஒரு வருசம் பேசாம இருந்து எனக்கே அலுத்துப் போச்சு." எழுந்து சேலையை உதறினார். "இவ்ளோ ஓட முடியுது. மலையும் ஏறிப் பாத்துட்டா என்ன?"

ஏறினோம். பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒரு வருடப் பேச்சைப் பேசித் தீர்த்தோம். உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவின் மேல் போட்ட பாலத்தில், இறங்கி வந்துகொண்டிருந்த என்னவர் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

"அக்கா, நீயா! கால் என்னாச்சு?"

"நீ வேன்ல போய் உக்காருடா. நாங்க பாத்துட்டு வர்றோம்."

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே வயல்கள் பச்சையாகப் பரந்து கிடந்தன. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, "கீழயே உக்காந்திருந்தா இதெல்லாம் பாத்திருப்பமா?" என்றார்.

இறங்கி வந்து சேர வெகுநேரம் ஆனது. வேனில் எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் அவசரப்படவே இல்லை.