கணக்கில் சேராத தமிழ்

இன்று சுங்கைப் பட்டாணி பேரங்காடிக்கு அரிசி வாங்கப் போனேன். பிரெஞ்சு வகுப்புக்கு ஆள் சேர்க்கும் ஒரு பெண் வழிமறித்தாள். நம்ம தமிழ்ப் பெண்தான்.

"அக்கா, பிள்ளைக்கு ரெண்டாவது மொழி கத்துக் கொடுத்தா மூளை நல்லா வேலை செய்யும். ஞாபக சக்தி கூடும். நாளைக்கு வெளிநாட்டுல வேலைகூட கிடைக்கும்."

"என் மகளுக்குத் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணும் தெரியுமேம்மா."

"தமிழக் கணக்குல சேக்காதீங்க லா. அது வீட்டுல பேசுறதுதானே. பிள்ளை எந்த ஸ்கூலு?"

"தமிழ்ப்பள்ளி."

துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அப்போ கண்டிப்பா பிரெஞ்சு வேணும்க்கா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிரெஞ்சு என்ன பாவம் செய்தது, படிக்கிறவர்கள் படிக்கட்டும். ஆனால் மூன்று மொழியில் என்னோடு சண்டை போடுகிற பிள்ளையின் மூளையைப் பற்றிப் பேச இவள் யார்?

"உனக்கு பிரெஞ்சு தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுக்கா. ஆள் சேக்குறது மட்டும்தான் என் வேலை."

அதற்குள் ஒரு சீன அம்மா வந்தார். அவரிடம் ஹொக்கியனில் பேசினாள். அடுத்து வந்த மலாய்த் தம்பதியை மலாயிலேயே சிரிக்க வைத்தாள். எல்லாரும் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத இந்தப் பெண்ணுக்கு மூளை இவ்வளவு வேலை செய்வது எப்படி? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

தமிழில் சொன்னாலும் நான் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.