அந்தம்மா சொன்ன பொய்

மதகடிப்பட்டில் எங்களுக்குச் சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரர் பஞ்சாபுக்குப் போய் செயின், பெடல், பிரீவீல் என்று மொத்தமாக வாங்கி லாரியில் போட்டுவிட்டு வருவார். லூதியானாவுக்குப் பக்கத்து ஊரில் ஒரு சர்தார் வியாபாரியின் வீட்டில்தான் தங்குவார்.

திரும்பி வந்தால் வாரக்கணக்கில் அந்த வியாபாரியின் மனைவி பேச்சுதான். அந்தம்மா தானே ஸ்கூட்டர் ஓட்டும். அந்தம்மா ரொட்டி மேல் கட்டி வெண்ணெய் வைக்கும். ஊரடங்கு போட்ட அன்று அந்தம்மா இவரை வாசலைத் தாண்ட விடவில்லை. நான் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பேன். நேரில் பார்க்காததால் என் மனசுக்குள் அவளுக்கு நாளுக்கு நாள் அழகு கூடிக்கொண்டே போனது.

எண்பதுகளின் நடுவில், பஞ்சாபில் தீவிரவாதிகள் பஸ்ஸை நிறுத்தி, சர்தார் அல்லாதவர்களைப் பிரித்துச் சுடுகிறார்கள் என்று ரேடியோவில் அடிக்கடி சொன்னார்கள். போக வேண்டாம் என்று மாமியார் அழுதார்.

"அந்தம்மா பாத்துக்கும். ஒண்ணும் ஆவாது" என்றார் இவர்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. "அப்போ நானும் வரன்" என்றேன்.

"இன்னா வெளையாடுறியா? அங்க துப்பாக்கி வெச்சிக்கினு சுத்துறானுங்க."

"உங்களப் பாத்துக்கற அம்மா என்னையும் பாத்துக்கட்டும்."

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ரயிலில் எனக்குப் பாடம் நடந்தது. உட்காரும் முன் சீட்டுக்கு அடியில் பார்க்க வேண்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் ரேடியோ, டிபன் கேரியர் எதையும் தொடக்கூடாது. இருட்டுவதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கூட்டத்தில் தமிழில் பேசக்கூடாது. புறப்படுவதற்குப் பல நாள் முன்பிருந்தே அவர் சவரம் செய்யாமல் தாடி விட்டிருந்தார். அதுவும் ஒரு பாதுகாப்பாம்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"அந்தம்மாதான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேரில் பார்த்தால் அவளுக்கு என்னைவிட வயசு அதிகம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி, காய்ப்புப் பிடித்த கை. அத்தோடு என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அவள் இந்தியில் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் வியாபாரிக்குக் கடுமையான காய்ச்சல். லூதியானா ஸ்டேஷன்வரை தானே வருவதாக அந்தம்மா சொன்னாள். கிளம்பும் முன் என்னை உள்ளே கூட்டிப்போய்த் தன் சல்வார் கமீஸைக் கொடுத்தாள். தாலியைக் கமீஸுக்குள் விட்டாள். என் பொட்டை ஈரத்துணியால் துடைத்தாள். என்னை அலங்கோலமாக்கி அவர் முன்னால் நிறுத்தப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெளியே வந்தால், வியாபாரி கட்டிலில் உட்கார்ந்தபடியே இவருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்.

பஸ் பாதி வழியில் நின்றது. முகத்தைத் துணியால் சுற்றிய சிலர் ஏறினார்கள். போர்வைக்குள் துப்பாக்கி. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்த ஒருவன் எங்கள் சீட்டருகே நின்றான். இவரிடம் ஏதோ கேட்டான். இவர் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். இவர் தோளில் கை வைத்தாள். என்னைக் காட்டினாள், தன் வாயைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினாள். குரல் நடுங்கவே இல்லை. ஆனால் மடிக்குள் என் கையைப் பிடித்திருந்த அவள் கை சில்லென்று இருந்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தான். முன்சீட்டிலிருந்து இரண்டு பேரை இறக்கிக்கொண்டு போனார்கள். பஸ் நகர்ந்த பிறகு பின்னால் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"உன்னப் பாத்தா பொறாமையா இருக்காம். உங்க ஊருல பொழுது சாய்ஞ்சா கூட தனியா கடைக்குப் போவலாமேன்னு சொல்லுது."

ரயில் டெல்லியைத் தாண்டிய பிறகுதான் வழியில் நடந்ததைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வந்தது. பஸ்ஸில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"நான் அதுக்கு வூட்டுக்காரராம். நீ என் தங்கச்சியாம், வாய் பேச வராதாம்."

உயிரைக் காப்பாற்றிய பொய்தான். அது எனக்குத் தெரியும். இருந்தும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

"வேற ஒறவே கெடைக்கலையா அதுக்கு?" என்றேன்.

இவர் என்னையே பார்த்தார். "உயிரோட வந்து உக்காந்துக்கினு கேக்கற கேள்வியா இது?"

"ஆமா. உயிரோட இருக்கறதாலதான் கேக்கறன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு சாமான்களை மெட்ராஸிலேயே வாங்கினோம். மறுவருஷம் வியாபாரியும் அந்தம்மாவும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். தெருப்பெண்கள் எல்லாரும் அந்தம்மாவைச் சுற்றிக்கொண்டு அவள் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று விளக்கு வைத்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

"கூடப் போ, புது ஊரு" என்றார் இவர்.

"தனியாப் போவட்டும்" என்றேன்.

கடைத்தெருப் பக்கம் போனாள். வெகுநேரம் கழித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள்.