கைதட்டுகிற இடம்

இந்த ஊரில் ஒரு பாட்டை முழுசாக உட்கார்ந்தே கேட்கிறார்கள். அயர்லாந்துக்கு வந்த மூன்றாம் மாதத்தில் எனக்கு அது பழகியிருக்கவில்லை. நான் சமையலறை வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் புதன்கிழமை மதியம் பாட்டு நேரம். டெக்லன் என்கிற எண்பது வயதுக்காரர் இசைத்தட்டோடு வருவார். எப்போதும் ஒரே தட்டு, அவர் வாலிபத்தில் வந்த ராக் பாட்டு. மனைவி தவறிப்போனபிறகு அதைக் கேட்காமல் அவருக்கு ஒரு வாரம் கழிந்ததில்லையாம். இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் டீ வண்டியை வாசலிலேயே நிறுத்தியிருப்பேன்.

அந்தப் பாட்டு எனக்குப் புதுசில்லை. ஏற்காடு மலையில் ஒண்டிக்கடைப் பக்கம் எங்கள் அத்தாவுக்கு மிளகு, காப்பித்தூள் கடை. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஏற்காட்டு ஹோட்டல் ஒன்றில் கேம்ப்ஃபயருக்கு விறகு அடுக்கப் போனேன். அங்கே பாடுகிறவர் சார்லஸ் அண்ணன், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகன். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் இதைப் பாடுவார். நடுவில் ஓர் இடம் வரும். கிடாரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, "ஏனுங்க, சால்வ போத்துனவங்க, உங்களத்தானுங்க, எந்திரிங்க" என்பார். மருமகளோடு முறைத்துக்கொண்டு வந்த மாமியார்கூட எழுந்து கைதட்டிக்கொண்டு நெருப்பைச் சுற்றுவார். எட்டு வருசம் பார்த்தேன். பாட்டே அப்படித்தான் என்று இருந்தேன். மாரமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் பேண்டு செட்டுக்காரர்கள் அதை வாசித்தபோதும், அந்த இடம் வந்ததும் டிரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையைத்தான் தட்டினார்கள்.

டெக்லனின் தட்டிலும் அந்த இடம் வந்தது. என் கை தானாகத் தட்டியது. அதோடு விட்டேனா, பக்கத்திலிருந்த அம்மாளைப் பார்த்து "எந்திரிங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். யாரும் அசையவில்லை. கிடார் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மேலாளர் மொய்ரா வாசலில் நின்று பார்த்தார். ஆறு மாதம் ஆளைப் பார்த்துத்தான் இங்கே வேலையை நிரந்தரம் செய்வார்கள். அந்த வாரம் முழுக்க மொய்ராவின் செருப்புச் சத்தம் கேட்டாலே வேலை போகிற சத்தமாகக் கேட்டது. பெட்டியைக் கட்டி, பல் விளக்குவதற்காக மறுபடி அவிழ்த்தேன்.

அடுத்த புதன் டெக்லன் கூப்பிட்டு, ஏன் தட்டினாய் என்று கேட்டார்.

"எங்க ஊரில் அந்த இடத்தில் தட்டுவோம். உங்க ஆள்தான் விட்டுவிட்டார்" என்றேன். பயத்தில் எனக்கு வாய் நீளும்.

என் போனை வாங்கி, அதில் இருந்த சார்லஸ் அண்ணன் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "உன் ஆளுக்கு அந்த இடம் வாசிக்க வராது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஏற்காட்டுக்குப் போன் போட்டேன். "ஏனுங்ணா, அந்த எடத்துல கைதட்டறது எதுக்குங்க?"

"அதுவா கண்ணு. எனக்கு அது வாசிக்க வராது. குளுருல வெரலு வேற மடங்காது. சனத்த எந்திரிக்க உட்டுட்டா எவன் கவனிக்கறான்?" அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அங்க யாருகிட்டயும் பெருமையா சொல்லிப்போட்டியா?"

"நொம்பப் பேருகிட்டங்க."

டெக்லனிடம் போய் ஒத்துக்கொண்டேன். இருமல் வரும்வரை சிரித்தார். மறுநாள் மொய்ரா, இனிப் புதன்கிழமை உனக்கு டீ வண்டி கிடையாது என்றார். பெட்டியை மறுபடி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். வண்டியை வேறு ஆள் தள்ளுவாராம். நான் டெக்லன் பக்கத்தில் உட்கார வேண்டுமாம், அவரே கேட்டாராம். நிரந்தரக் கடிதமும் பிற்பாடு வந்தது. மூன்று பேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அந்தத் தட்டு இரண்டு தடவை ஓடுகிறது. இரண்டாவது தடவை அந்த இடத்தில் டெக்லன் எனக்குத் தாடையை ஆட்டி ஜாடை காட்டுவார். முடிந்தவர்கள் தட்டுவார்கள், சக்கர நாற்காலி அம்மாள் கைப்பிடியில் அறைவார். கிடார் ஒருவருக்கும் கேட்காது. முதல் தடவை ஓடுவது டெக்லன் மனைவியின் நினைவுக்கு. அப்போது மட்டும் நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, சார்லஸ் அண்ணன் ஒருநாளும் வாசிக்காத அந்த இடத்தைக் கேட்கிறேன். குளிருகிறதா என்று மொய்ரா கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.